டிக்கெட் இல்லாத ஆட்டங்கள்

காசு கொடுத்து நாங்கள் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. சென்னைக்குப் போய் மூன்று பேர் கிரிக்கெட் பார்த்துவிட்டுத் திரும்புகிற செலவில் எங்கள் வீட்டுக்கு ஒரு மாத மளிகை வந்துவிடும். ஆனால் அந்த இரண்டு வருடத்தில் நாங்கள் பார்த்த ஆட்டங்களை எந்தப் பணக்காரக் குடும்பமும் பார்த்திருக்காது. ஹாக்கி, வாலிபால், கோகோ, கபடி, பெண்கள் கால்பந்து, ஏன், ஒரு தடவை வில்வித்தைகூடப் பார்த்தோம். எல்லாம் ஓசி. அந்த வார்த்தையை என் வீட்டுக்காரர் பெருமையாகவே சொல்வார்.

எங்களை மைதானத்துக்குக் கொண்டுபோனது விளையாட்டு ஆசை இல்லை, அவருடைய சிறுநீரகம். பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். சர்க்கரை இருந்தது, பிரஷர் இருந்தது, இரண்டையும் மதிக்கவில்லை. கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். எங்கள் வீடு கடலூர் முதுநகரில். டயாலிசிஸுக்கு இடம் கிடைத்தது சிதம்பரத்தில். எங்கள் வீட்டில் யாரும் டயாலிசிஸ் என்று சொல்ல மாட்டோம், மெஷின் என்போம். புதன்கிழமை மெஷினுக்கு அவர் தனியாகப் போய் வருவார். சனிக்கிழமை மெஷினுக்கு நானும் மகளும் கூடப் போவோம். நான் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளர், சனிக்கிழமை எனக்கும் லீவு, அவளுக்கும் லீவு.

மெஷினிலிருந்து இறங்குகிற மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ. நாலு மணி நேரம் ரத்தத்தை வெளியே எடுத்துச் சலித்து உள்ளே அனுப்பியிருப்பார்கள். முகம் சுண்டிப்போய், கால் நிலத்தில் பாவாமல் வருவார். உடனே பஸ்ஸில் நிற்க முடியாது. கொஞ்ச நேரம் எங்கேயாவது காற்றாட உட்கார்ந்துவிட்டுப் போங்கள் என்று நர்ஸ் சொன்னார். அப்படி உட்கார நிழல் தேடிப் போனதில்தான் பல்கலைக்கழகத்து மைதானம் அகப்பட்டது. வேப்பமரம், சிமெண்டுப் படி, ஓரத்தில் ஒரு குழாய். நாங்கள் போன அன்று பெண்கள் ஹாக்கி நடந்துகொண்டிருந்தது.

எங்கள் மூன்று பேருக்குமே ஹாக்கி தெரியாது. மட்டையால் பந்தை அடிக்க வேண்டும் என்ற அளவில்தான் தெரியும். கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்து, "அந்தப் பாப்பாவ விடக் கூடாது, அடைங்க, அடைங்க" என்று கத்தினார். அரை மணி நேரம் முன்னால் கைத்தாங்கலாக வந்த மனிதர். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. மகள் அவரோடு சேர்ந்து கத்த ஆரம்பித்தாள்.

அப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் மைதானம்தான். யார் யாரோடு விளையாடுகிறார்கள் என்று ஒன்றும் தெரியாது. பல ஊர்களிலிருந்து கல்லூரி அணிகள் வரும். யாரை ஆதரிப்பது என்பதற்கு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். "ரொம்ப தூரத்துலேர்ந்து பஸ்ல வந்தவுங்க யாரு? அவுங்கதான் நம்ம டீமு." விசாரித்து வருவது மகளின் வேலை. ராத்திரியெல்லாம் பஸ்ஸில் குந்திக்கொண்டு வந்த பிள்ளைகள் பெரும்பாலும் தோற்றுத்தான் போகும். எங்கள் டீம் தோற்றுக்கொண்டே இருந்தது. ஜெயிக்கிற டீமை ஒரு நாளாவது பிடியுங்களேன் என்பேன். "ஜெயிக்கிறவனுக்கு நாம எதுக்குடி, அவனுக்கு ஊரே இருக்கு" என்பார்.

திரும்பி வருவதும் மலிவான வழிதான். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ்ஸில் மாறி மாறி வருவோம். மாறுகிற இடங்களிலெல்லாம் உட்கார இடம் கிடைக்கும்வரை நிற்போம், அவசரம் ஒன்றும் இல்லை. எனக்கும் மகளுக்கும் ஓசி, அவருக்கு மட்டும் டிக்கெட். "இந்தக் குடும்பத்துல மதிப்புள்ள ஆளு நான் ஒருத்தன்தான், பாத்துக்க" என்று டிக்கெட்டை விசிறிக் காட்டுவார்.

இதெல்லாம் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும். நான் அந்தச் சந்தோஷத்தில் பாதியைத்தான் அனுபவித்தேன். மீதிப் பாதி நேரம் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிட்னி போனவருக்கு உள்ளே போகிற தண்ணீர் வெளியே வராது. ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில், அதற்குள் மாத்திரை, காபி, ரசம், எல்லாம் அடக்கம். வெயிலில் உட்கார்ந்து கத்துகிற மனிதருக்கு அது எப்படிப் போதும்? உதடு காய்ந்து வெடிக்கும். குழாயடிக்குப் போய் வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு வருவார். துப்புகிறாரா, விழுங்குகிறாரா என்று நான் பின்னாலேயே போய்ப் பார்ப்பேன். அவர் எதிரில் நாங்கள் இரண்டு பேரும் தண்ணீர் குடிப்பதில்லை என்று வைத்திருந்தோம். குழாய்க்கு அந்தப் பக்கம் மரத்தின் மறைவில் போய்க் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருவோம். திருட்டுத்தனம் செய்கிறவர்கள் மாதிரி இருக்கும்.

தண்ணீராவது உடம்பை வீங்கவைத்துக் காட்டிக்கொடுக்கும். காட்டிக்கொடுக்காத இன்னொன்று இருந்தது, பொட்டாசியம். உணவு ஆலோசனை சொல்கிற அம்மா எங்களை உட்கார வைத்து விளக்கினார். வாழைப்பழம் கூடாது, கீரை கூடாது, தேங்காய் கூடாது, வேர்க்கடலை கூடாது. காயை வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி வேகவைத்துக் கொடுக்க வேண்டும். "எல்லாத்துக்கும் மேல இளநீர். அதத் தொடவே கூடாதும்மா. பொட்டாசியம் ஏறிடுச்சுன்னா நெஞ்சு நின்னுடும். சொல்லிட்டு நிக்காது." மகள் அப்போது எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் எல்லாவற்றையும் என்னைவிட நன்றாகப் பிடித்துக்கொண்டாள். மைதானத்துக்கு நாங்கள் கொண்டுபோனது வெறும் பொரி, அதிலும் கடலையைப் பொறுக்கி எடுத்துவிட்டு.

ஆனால் இளநீரை நம் ஊரில் யாரிடம் போய்க் கூடாது என்று சொல்வது? உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டதும் பக்கத்து வீட்டிலிருந்து முதலில் வந்தது இளநீர். என் தம்பி வந்தான், கையில் குலையாக இளநீர். ஆஸ்பத்திரி வாசலிலேயே இளநீர் வண்டி நிற்கிறது. கூடாது என்றால், "இளநீ கூடாதா? உடம்புக்குக் குளிர்ச்சியாச்சே, பச்சக் குழந்தைக்கே குடுக்குறோம்" என்று என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள், நான் புருஷனைப் பட்டினி போடுகிறவள் போல. ஒருத்தியிடம் வாசலில் வைத்தே சண்டை போட்டேன். இன்னொருத்தி கொண்டுவந்ததை வாங்கிவைத்துக்கொண்டு, அவள் தலை மறைந்ததும் சாக்கடையில் ஊற்றிவிட்டு வந்தேன். எனக்கு நாக்கு நீளம் என்று தெருவில் பேர் வந்தது. வரட்டும் என்று இருந்தேன். இந்த மனிதர் உயிரோடு இருப்பது என் கையில் இருக்கிறது என்று நினைத்தேன். அதில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

நாளாக ஆக, சொந்தக்காரர்கள் வருவது நின்றது. விசேஷங்களுக்கு எங்களைக் கூப்பிடுவதும் குறைந்தது. கூப்பிட்டால் இலையில் உட்கார்ந்து அதைத் தொடாமல் இதைத் தொடாமல் எழுந்திருக்கிற ஆளை யாருக்குப் பிடிக்கும்? கல்யாணப் பத்திரிகை எதிர்வீட்டுக்கு வந்து எங்கள் வீட்டுக்கு வராத அன்று அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வேன் ஓட்டிய காலத்தில் தெருவில் அவர் போனால் பத்துப் பேர் கை தூக்குவார்கள். இப்போது அவர் எதிரில் வந்தால் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டுமே என்று ஆட்கள் சந்து மாறிப் போனார்கள்.

மைதானத்தில் மட்டும் அவருக்கு ஒரு சிநேகிதர் கிடைத்தார். கபடி ஆட்டங்களுக்கு விசில் ஊதுகிற நடுவர். பிச்சாவரம் பக்கம் கடலோர ஊர்க்காரர், ஏதோ பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். ஒரு ஆட்டத்தில் கோட்டைத் தொட்டானா தொடவில்லையா என்பதில் என் வீட்டுக்காரர் படியிலிருந்தே எழுந்து நின்று அவரோடு மல்லுக்கு நின்றார். "சார், கண்ணு தெரியுதா இல்லியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். இடைவேளையில் அந்த மனிதர் விறுவிறுவென்று எங்களைப் பார்த்து வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நான் நடுவில் போய் நின்றேன். வந்தவர் இவருடைய இடது கையில் ஊசி போட்டுத் தடித்துப்போன நரம்பையும் கட்டையும் பார்த்தார். கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. "இந்த உடம்ப வச்சிக்கிட்டு இந்தக் கத்து கத்துறீங்களே மாமா" என்றார். "நீ ஒழுங்கா ஊதுனா நான் ஏன் மச்சான் கத்தப்போறேன்" என்றார் இவர். அன்றிலிருந்து மாமன் மச்சான் ஆகிவிட்டார்கள். நான் அவருக்கு அக்கா, மகளுக்கு அவர் மாமா. சனிக்கிழமை எங்களைக் காணோம் என்றால் புதன்கிழமை போன் செய்து கேட்பார். உடம்பு எப்படி என்று கேட்க மாட்டார், ஏன் வரவில்லை என்று கேட்பார். அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும்.

அவர்தான் எங்களைத் தம் ஊர்ப் போட்டிக்குக் கூப்பிட்டார். பொங்கலை ஒட்டி அவர்கள் ஊரில் கபடி நடக்கும். காணும் பொங்கல் அன்று பகலில் கடைசி ஆட்டம். "மாமா, குடும்பத்தோட வரணும். நீங்க வந்தாத்தான் ஆட்டம்" என்றார். அது செவ்வாய்க்கிழமை. மறுநாள் புதன், மெஷின் நாள். சனிக்கிழமைக்கு அப்புறம் சேர்ந்ததெல்லாம் உடம்பில் இருக்கிற நாள், அலையக் கூடாது என்று நான் சொன்னேன். அவர் வெள்ளை வேட்டியை எடுத்துத் தேய்க்கக் கொடுத்துவிட்டு வந்தார். மகள், "அம்மா, எத்தன வருஷம் ஆச்சு ஒருத்தர் நம்மள வீட்டோட கூப்பிட்டு" என்றாள். போனோம்.

உப்பங்கழி ஓரத்தில் ஆட்டக்களம். ஒரு பக்கம் படகுகள், மறுபக்கம் தென்னந்தோப்பு. ஊரே கூடியிருந்தது. களத்துக்கு இந்தப் பக்கம் பெண்கள், எதிர்ப் பக்கம் ஆண்கள், அங்கேயே துணிப் பந்தல் போட்டு முக்கியஸ்தர்களுக்கு நாற்காலி. நடுவர் வந்து என் வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். எங்கே உட்கார வைக்கப்போகிறார் என்று பார்த்தால், பந்தலில், முதல் வரிசையில். நானும் மகளும் எதிர்ப் பக்கம் பாயில் உட்கார்ந்தோம்.

எங்கள் பக்கத்து ஊர்களில் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் இரண்டு அணியையும் வரிசையாக நிறுத்துவார்கள். ஊர்ப் பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராகக் கை கொடுத்துக்கொண்டே போவார்கள். கட்சிக்காரர், காண்டிராக்டர், கோப்பை வாங்கிக் கொடுத்தவர், இவர்களுக்குத்தான் அந்த மரியாதை. மைக்கில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். கடைசியில், "மழையென்றும் வெயிலென்றும் பாராமல் எல்லா மைதானங்களுக்கும் குடும்பத்தோடு வந்து வீரர்களை உற்சாகப்படுத்தும் அண்ணார் அவர்கள்" என்று என் வீட்டுக்காரருடைய பெயரைச் சொன்னார்கள். அவர் தன்னைத்தானா என்று சுற்றிப் பார்த்தார். எழுந்து வந்தார். தோளில் ஒரு புதுத் துண்டைப் போர்த்தினார்கள். பையன்கள் ஒவ்வொருவராகக் குனிந்து கை கொடுத்தார்கள். இரண்டு பையன்கள் காலைத் தொட்டார்கள். மகள் பக்கத்தில் அழுதுகொண்டிருந்தாள். நானும்தான்.

ஆட்டம் ஆரம்பித்ததும் பந்தலில் இருந்தவர்களுக்கெல்லாம் கலர் சோடா பாட்டில் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். இவர் கையைக் குறுக்கே ஆட்டி வேண்டாம் என்றார். வயிற்றைத் தொட்டு ஏதோ சொன்னார். உடம்புக்கு ஆகாது என்றுதான் சொல்லியிருப்பார். எனக்கு நிம்மதியாக இருந்தது. சபாஷ் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

நடுவர் அதைப் பார்த்துவிட்டார். தோப்புப் பக்கம் திரும்பி யாரையோ கூப்பிட்டுக் கையைக் காட்டினார். நோயாளி மனிதருக்குக் கலர் கொடுப்பதா, அவருக்கென்று நல்லதாக ஒன்று கொடுக்க வேண்டாமா என்று அவர் நினைத்ததை நான் அத்தனை தூரத்திலிருந்து கேட்ட மாதிரி இருந்தது. ஒருத்தன் தென்னையில் ஏறினான். எல்லாருக்கும் இல்லை, இவர் ஒருவருக்கு மட்டும். சீவிய இளநீரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து நடுவரே அவர் எதிரில் நீட்டினார்.

இவர் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். களத்தைத் தாண்டி என்னைத் தேடினார். கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். பக்கத்தில் இருந்த பெரிய மனிதர்கள் குடிங்க, குடிங்க என்று தலையை ஆட்டினார்கள். நான் எழுந்தேன். பாதி எழுந்திருப்பேன், மகள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஒண்ணுதானம்மா. அப்பா முகத்தப் பாரு. நாளைக்கி மெஷின் இருக்குல்ல, எடுத்துடுவாங்க."

சுற்றிலும் கூச்சல். களத்தில் ஒருத்தன் பாடிக்கொண்டு ஏறியிருந்தான். அந்தப் பக்கம் போக வேண்டுமானால் களத்தைச் சுற்றி ஆண்கள் கூட்டத்துக்குள் நுழைந்து, அத்தனை பேர் முன்னால், துண்டு போர்த்தி உட்கார வைத்த மனிதரின் கையிலிருந்து பிடுங்க வேண்டும். நான் உட்கார்ந்துவிட்டேன். அவர் அண்ணாந்து குடித்தார். தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது. இரண்டு வருடமாக அந்தத் தொண்டை வழியாக ஒரே மூச்சில் எதுவும் போனதில்லை. குடித்து முடித்ததும் சிரித்தார்.

கொஞ்ச நேரத்தில் கையைத் தூக்கி இன்னொன்று என்று அவரே கேட்டார். முதலாவது மரியாதைக்கு. இரண்டாவது எதற்கு? தாகமா? ஒருநாளாவது போதும் போதும் என்கிற அளவுக்குக் குடித்துவிட வேண்டும் என்ற வெறியா? இல்லை, வேறு ஏதாவது முடிவா? எத்தனை தடவை கேட்டுப் பார்த்தாலும் எனக்கு விளங்கவில்லை. எனக்கு அவர்மேல் இருக்கிற கோபமெல்லாம் அந்த இரண்டாவது இளநீர்மேல்தான். மகளின் கை அப்போதும் என் மணிக்கட்டின்மேல் இருந்தது. அவள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குக் கோபம் அளவுக்கு மீறினால் வாயடைத்துப் போய்விடும். மெஷினிலிருந்து இறங்கட்டும், அப்புறம் வைத்துக்கொள்ளலாம் கச்சேரியை என்று ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். அவரும் மகளும் ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்கள். எங்கள் டீம் அன்றைக்கு ஜெயித்திருந்தது.

காலையில் மெஷினுக்குக் கிளம்ப எழுப்பினேன். "காலு தூக்க வரல" என்றார். கால் மரத்துப் போயிருக்கும் என்று தேய்த்துவிட்டேன். கையும் வரவில்லை என்றார். சிதம்பரம்வரை போகிற நிலைமை இல்லை. நூற்றியெட்டு ஆம்புலன்ஸை வரவழைத்துக் கடலூரிலேயே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நெஞ்சில் ஒயர் மாட்டி எடுத்த தாளைப் பார்த்த டாக்டர் நிமிர்ந்து கேட்டார், "நேத்து என்னம்மா சாப்ட்டாரு? பழம், இளநீர் எதாச்சும்?"

நான் பதில் சொல்வதற்குள் மகள் சொன்னாள். "இளநீ. ரெண்டு."

ஊசி போட்டார்கள், மறுபடி போட்டார்கள். மெஷினுக்குத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். உணவு ஆலோசனை அம்மா சொன்னது சரிதான், நெஞ்சு சொல்லிவிட்டு நிற்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்தது. உயிரோடு இருந்தபோது சந்து மாறிப் போனவர்கள் எல்லாம் மாலையோடு வந்தார்கள். நான் அழுதேன், கத்தினேன், வந்தவர்களில் இரண்டு மூன்று பேரைத் திட்டக்கூடச் செய்தேன். மகள் எதுவும் செய்யவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள், அப்படியே எழுந்து போய்க் கொட்டுவாள். தூங்குவதில்லை. வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருப்பாள். ஏன் இப்படி உட்காருகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், இவளும் என்னை விட்டுப் போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது. புருஷன் செத்த துக்கத்தைவிட அந்தப் பயம் பெரிதாக இருந்தது.

நடுவர் கொஞ்ச நாள் கழித்து வந்தார். அவருக்குத் தகவல் தாமதமாகத்தான் போயிருக்கிறது. போட்டோவுக்கு முன்னால் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"அக்கா, மாமா கடைசியா சிரிச்சது எங்க ஊருலதான். எல்லாரும் கலரு குடிக்க, அவருக்கு மட்டும் நான் எங்க தோப்பு இளநீ வெட்டிக் குடுத்தேன். ரெண்டு குடிச்சாரு. உடம்பு சரியில்லாத மனுசனுக்கு என் கையால நல்லதா ஒண்ணு குடுத்தேன்னு ஒரு திருப்தி. அது போதும் எனக்கு."

என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நீதாண்டா கொன்றாய் என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரமாகும்? இந்தத் தெருவில் இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் நான் கத்தியிருக்கிறேன். ஆனால் மூலையில் உட்கார்ந்திருந்த மகள் முந்திக்கொண்டாள்.

"ஆமா மாமா. பஸ்ல வரும்போதுகூட அதத்தான் சொல்லிக்கிட்டு வந்தாரு. அந்த மாதிரி இளநீ குடிச்சதே இல்லன்னாரு."

அவர் அவள் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். அவர் போனதும் கேட்டேன், ஏண்டி அப்படிச் சொன்னாய் என்று.

"அவருக்கு என்னா தெரியும்? அவரு பாவம், நல்லதுன்னு நெனச்சுக் குடுத்தாரு." அவள் என்னைப் பார்க்கவில்லை. "தெரிஞ்சவ நான். நீ எழுந்த. நான்தான் உன் கையப் புடிச்சு உக்கார வச்சேன்."

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. தொடைக்கு அடியில் வைத்த கை, சாப்பிடாத சோறு. பதினைந்து வயதுப் பெண் இதைத் தூக்கிக்கொண்டு எத்தனை நாள் உயிரோடு இருப்பாள்? உன் தப்பு இல்லை கண்ணு என்று சொல்லலாம். சொன்னால் நம்புவாளா? அம்மா என்றால் அப்படித்தானே சொல்வாள் என்று இன்னும் உள்ளே போய்விடுவாள். எனக்கு யோசிக்க நேரமே இல்லை.

"எப்ப புடிச்ச?" என்றேன்.

"அம்மா, நீ எழுந்தியே."

"எழுந்தேன். முன்னால ஒரு பொம்பள எழுந்து நின்னு மறைச்சுச்சு. ரெய்டு போய்க்கிட்டு இருந்துச்சு, தெரியலன்னு எழுந்தேன். நீ என்னமோ சொன்ன, அந்தச் சத்தத்துல என்னா காதுல விழும்? நான் ஆட்டத்தப் பாத்துக்கிட்டு இருந்தேன்டி. அவரு குடிச்சதே, நீ ஆஸ்பத்திரியில டாக்டருட்ட சொன்னப்பதான் எனக்குத் தெரியும்."

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் எழுத முடியாது.

"பாக்கவே இல்லியா நீ?"

"இல்ல."

"வீட்டுல ஒரு மொடக்கு தண்ணிக்கி அப்படி சண்ட போடுவ. அன்னிக்கி எங்க அப்பா எதிருல உக்காந்து குடிக்கிறாரு, நீ கபடி பாத்துக்கிட்டு இருந்தியா?"

"ஆமா. நல்ல ஆட்டம்" என்றேன்.

அவள் கத்தினாள். கையில் கிடைத்ததை எடுத்து வீசினாள். அப்பா செத்ததிலிருந்து வராத அழுகை அன்றைக்குத்தான் வந்தது. என்னைத் தொட விடவில்லை. நான் சுவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அழுது ஓய்ந்து அங்கேயே சுருண்டு தூங்கிப்போனாள். மறுநாள் எழுந்து, என் முகத்தைப் பார்க்காமல், தட்டைப் போட்டுக்கொண்டு நன்றாகச் சாப்பிட்டாள்.

இப்போது அவள் வெளியூரில் கல்லூரியில் படிக்கிறாள். கதை, புத்தகம் என்று எதன் பக்கமும் போகிற பெண் இல்லை, அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். போன் செய்தால் எடுப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள், வைத்துவிடுவாள். லீவுக்கு வந்தால் என் தம்பி வீட்டில்தான் ஜாஸ்தி இருப்பாள். உடம்பு தேறியிருக்கிறது. சிநேகிதிகள் இருக்கிறார்கள், சிரித்துப் பேசுகிறாள். அப்பாவுக்கு எமனாகப் போனதை அவர் குடித்துக்கொண்டிருந்தபோது அம்மா அதைப் பார்க்காமல் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தம்பி பெண்டாட்டியிடம் சொல்லி அழுதாளாம். தம்பி பெண்டாட்டி அதை என்னிடம் வந்து கேட்டாள், நிஜமா என்று. நிஜம்தான் என்றேன்.